ரவைக் கணக்கு

ஆயுத அறைக்குள் கைப்பேசி கூடாது.
வாசல் தட்டில் வைத்துவிட்டு
கையெழுத்துப் போட்டு நுழைகிறேன்.
நாளைக்குப் பயிற்றுநர் தேர்வு,
பாலேக் பூலாவ் மலையடித் திடலில்
காலை எட்டு மணிக்கு,
மழை வந்தாலும்.

சூல்ஹைரி பெட்டிகளைத் தள்ளுகிறார்.
ஐம்பது ஐம்பதாய் ஆறு.
முந்நூறு என்று அவர் சொல்ல
முந்நூறு என்று நான் சொல்ல
இருவரும் நம்பாமல்
மறுபடி முதலிலிருந்து.

விளக்கடியில் தட்டில் கொட்டி
ஒவ்வொன்றாய் உருட்டிப் பார்க்கிறேன்.
இடுப்பு நெளிந்தது ஒன்று.
அடிமூடி துருத்தியது ஒன்று.
இன்னொன்றின் கழுத்தில் பச்சை பூத்திருக்கிறது;
துறைமுகக் காற்று
வேறு எதைத்தான் விட்டுவைத்தது இங்கே?
மூன்றுக்குப் பதில் மூன்று கேட்டால்
மூன்று தாள் நிரப்பு என்கிறார்.
நிரப்புகிறேன்.

துப்பாக்கி இரண்டு.
ஒன்று எனக்கு.
ஒன்று அது அடம்பிடித்தால்.
குழலுக்குள் துணியை விட்டு இழுக்க
கறுப்பு, பிறகு சாம்பல்,
ஏழாவது துணி கொஞ்சம் வெள்ளை.
எண்ணெய் ஒரு துளி.
இரண்டு துளி விட்டவர்களைத்
திடலின் புழுதிக்குத் தெரியும்.

போன வருடம் நான் தோற்றது சுடுவதில் இல்லை.
என் ஓட்டைகள் எல்லாம்
ஓர் உள்ளங்கைக்குள் அடங்கியிருந்தன.
பாடம் நடத்தச் சொன்னார்கள்.
மாணவனாக நின்ற பெங் ஹுவாட்
விசையை இழுக்கும் முன்பே
மணிக்கட்டைக் கவிழ்த்திருக்கிறான், பத்துக்கு ஏழு முறை.
நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.
தேர்வாளர் எழுதினார்:
'சார்ஜன் நிறைமதி ஓட்டையைப் பார்க்கிறார்,
கையைப் பார்ப்பதில்லை.'

அதனால் இந்த முறை
சிவப்புப் பையில் தனியாக எட்டு,
ஆரஞ்சு நிறத்தில், மருந்தில்லாத பொய்த் தோட்டாக்கள்.
நாளை திடலில்
மாணவன் திரும்பி நிற்கும்போது
மெய்யோடு பொய்யைக் கலந்து அடைப்பேன்.
எது எப்போது வரும் என்று அவனுக்குத் தெரியாது.
டிக் என்று வெறும் சத்தம் வரும்,
துப்பாக்கி அசையாது,
கை மட்டும் தனியாகக் குதிக்கும்.
அப்போது அவனே பார்த்துக்கொள்வான்.

பூட்டு, முத்திரை, நேரம், கையெழுத்து.
வாசலில் கைப்பேசியை எடுத்தால்
தனேந்திரன் அனுப்பியிருக்கிறார்:
'ரவை தீர்ந்துபோச்சு. வரும்போது வாங்கி வா.'

சிரித்துவிட்டேன்.
என்னவென்று கேட்ட சூல்ஹைரிக்கு
மலாயில் எப்படிச் சொல்வது?
முந்நூறை இரண்டு முறை எண்ணிக் கொடுத்த மனிதர்.
'கடைக்குப் போகணும்' என்றேன்.

ஃபெரியில் அக்கரை வந்து
பினாங்கு ஸ்ட்ரீட்டில் ஒரு கிலோ வாங்கினேன்.
கடைக்காரர் எண்ணவில்லை.
எடை போடும்போது
தராசைச் சுற்றிச் சிந்தியதை
யாரும் பேரேட்டில் எழுதவில்லை.
பை அவ்வளவு லேசாக இருந்தது
கையில் ஒன்றுமில்லாததுபோல்.

வீட்டில் அவர் எண்ணெய் காய வைத்திருந்தார்.
ராத்திரிக்கு உப்புமா, காலையில் பசியாறவும் அதுவே.
கடுகைப் போட்டார்.
அது வெடிக்கும் முன்பே
அவர் மணிக்கட்டு
அரை அங்குலம் பின்னால் போனது,
இடது கண் சுருங்கியது.
பன்னிரண்டு வருடம் எதிரில் நின்று
சட்டியை மட்டும் பார்த்திருக்கிறேன்.

'இன்னொரு தடவை செய்யலாம்' என்றேன்.
'கடுகு வீணாகும்.'
'நான் போடுகிறேன்.
நீங்கள் கரண்டியைப் பிடித்தபடி நில்லுங்கள்.'

அடுப்பைக் குறைத்தேன்.
கடுகு டப்பாவுக்குள் கையை விட்டு
மூடி எடுத்தேன்.
எண்ணெய்க்கு மேலே என் கைமுஷ்டி.
அதற்குள் இருக்கிறதா, இல்லையா
என்று அவருக்குத் தெரியாது.

விரித்தேன்.